கற்பனை ஓடும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது?

எனக்கு அப்போது பதினான்கு வயதிருக்கும். வாய்ப்பாட்டு சொல்லித்தந்த டீச்சர் ஒரு கல்யாணி ராகக் கீர்த்தனையைப் பாதியில் நிறுத்தி, "இங்கேருந்து நீயா ரெண்டு ஆவர்த்தம் ஸ்வரம் பாடும்மா" என்றார். தாளம் இரண்டு சுற்று வரும் வரை, நானே கற்பனையாக ஸ்வரங்களைக் கோர்த்துப் பாட வேண்டும். கல்யாணியின் ஆரோகணமும் அவரோகணமும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வர்ணத்தை இரண்டு காலத்திலும் பாடுவேன். ஆனால் அன்று வாயே திறக்கவில்லை. கல்யாணியில் வரக் கூடாத சுத்த மத்யமம் எட்டிப் பார்த்து ராகம் சங்கராபரணமாகிவிடுமோ, பாட்டு தொடங்கும் இடமான எடுப்புக்குச் சரியாக வந்து சேருவேனா, தாளம் நழுவுமா என்று தலைக்குள் ஒரே கூச்சல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, என்னைவிட ஐந்தாறு வருடம் கூடுதலாகப் படித்தவர், கண்ணை மூடிக்கொண்டு மளமளவென்று பாடிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி கீர்த்தனைக்குத் திரும்பினார்.

அந்த ஒரு நிமிடத்தில் என் மூளையும் அவர் மூளையும் எதில் வேறுபட்டன? ரொம்ப நாள் இதைத் திறமை, வரம் என்ற வார்த்தைகளால் மூடி வைத்திருந்தேன். கடந்த 20 வருடங்களில் வந்த நரம்பியல் ஆய்வுகளைப் படித்தபோதுதான், இது அளந்து பார்க்கக்கூடிய கேள்வி என்று புரிந்தது.

முதலில் பியானோ வாசிப்பவர்களிடமிருந்து தொடங்கலாம். சார்ல்ஸ் லிம்ப் அமெரிக்காவில் காது அறுவை சிகிச்சை நிபுணர். சாக்ஸபோனும் வாசிப்பவர். ஜாஸ் இசையில் மேடையிலேயே புதிதாக இசையை உருவாக்கிக்கொண்டு போவார்கள். நம் பாட்டில் மனோதர்மம் என்று சொல்வோமே, அதற்கு நெருங்கிய உறவு. அப்படி வாசிக்கும் நேரத்தில் மூளை என்ன செய்கிறது என்று பார்க்க, அவரும் ஆலன் ப்ரான் என்ற நரம்பியல் ஆய்வாளரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவுகள் 2008-ல் வெளியாயின.

சோதனையில் பெரிய தடையே கருவிதான். எம்.ஆர்.ஐ. ஸ்கேனர் என்பது ராட்சசக் காந்தம். இரும்பு கலந்த எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. அதனால் காந்தத்தில் ஒட்டாத பாகங்களைக் கொண்டு, 35 கட்டைகள் உள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் கீபோர்டைத் தனியாகச் செய்தார்கள். ஆறு தொழில்முறை ஜாஸ் பியானோ கலைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக மல்லாந்து படுத்து, மடியில் கீபோர்டை வைத்து, கண்ணாடி வழியாக அதைப் பார்த்து, வலது கையால் மட்டும் வாசித்தார்கள். காதில் ஹெட்ஃபோன். ஒரு தடவை மனப்பாடம் செய்த மெட்டு. அடுத்த தடவை அதே பின்னணி இசைக்கு அந்த நேரத்தில் தோன்றியது. விரல் அசைவு, சத்தம், தாளம் எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய பொது. அப்படியானால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிஞ்சுவது "தானாகப் புதிதாக உருவாக்குதல்" மட்டும்தான். கணக்கு எளிமையானது.

மிஞ்சியது என்ன? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், இரண்டு எதிரெதிர் மாற்றங்கள். நெற்றியின் இரு ஓரங்களிலும் மேல்புறமாக இருக்கும் பகுதியின் செயல்பாடு குறைந்தது. திட்டமிடுவது, விதிகளை நினைவில் நிறுத்துவது, செய்வது சரியா என்று கண்காணிப்பது ஆகியவை அந்தப் பகுதியின் வேலைகள். அதே நேரத்தில் நெற்றியின் நட்டநடுவே உள்ள பகுதியின் செயல்பாடு கூடியது. தன்னைப் பற்றி நினைக்கும்போதும், தன் அனுபவத்தைச் சொல்லும்போதும் சுறுசுறுப்பாகும் பகுதி அது. லிம்பும் ப்ரானும் இதை இப்படி விளக்கினார்கள்: கண்காணிப்பு தளர்ந்து, உள்ளிருந்து வருவதற்கு வழி விடுகிறது.

2012-ல் ப்ரானின் குழு, இம்முறை சியுவான் லியு முன்னின்று, 12 ராப் கலைஞர்களை அதே போல ஸ்கேனருக்குள் பாட வைத்தது. கொடுத்த தாளத்துக்கு அங்கேயே வரி கட்டிப் பாட வேண்டும். தமிழில் ஆசுகவி என்று ஒரு பெயரே உண்டே, கேட்ட மாத்திரத்தில் பாடுகிறவர். அந்த வேலை. இங்கேயும் நடுப்பகுதி ஏறியது, ஓரங்கள் இறங்கின. கூடவே இடப்பக்கத்து மொழிப் பகுதிகளும், உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவும் சேர்ந்து வேலை செய்தன.

இந்தச் செய்தி வெளியில் பரவியபோது ஒரு சுருக்கமான பாடமாக மாறிவிட்டது: "கட்டுப்பாட்டை விடு, கற்பனை தானாக வரும்." எனக்கு இந்தச் சுருக்கத்தோடு உடன்பாடு இல்லை. அன்றைக்கு டீச்சர் என்னிடம் "பயப்படாம விட்டுப் பாடு" என்று சொல்லத்தான் செய்தார். விடுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? ஸ்கேனருக்குள் படுத்த அந்த ஆறு பேரும் பல வருடம் வாசித்தே வாழ்க்கை நடத்தியவர்கள். அந்த விவரத்தைக் கழித்துவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டால், கதையின் பாதி போய்விடும்.

அந்தப் பாதியைத்தான் ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஃப்ரெட்ரிக் உலேனின் குழு தேடியது. அனா பின்யோ முன்னின்று 2014-ல் வெளியிட்ட ஆய்வில் 39 பியானோ கலைஞர்கள் கலந்துகொண்டார்கள். எல்லோரும் வாசிக்கத் தெரிந்தவர்கள்தான். ஆனால் மனோதர்மமாக வாசித்துப் பழகிய மணிநேரம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. அந்தப் பழக்கம் கூடக் கூட, வாசிக்கும் நேரத்தில் வலப்பக்கக் கட்டுப்பாட்டுப் பகுதிகளின் செயல்பாடு குறைவாக இருந்தது. அதோடு, அசைவைத் திட்டமிடும் பகுதிகளுக்கும் நெற்றிப் பகுதிக்கும் இடையே தொடர்பு இறுகியிருந்தது. முன்பு யோசித்துச் செய்த வேலையை, பழகிய பாதைகளே எடுத்துக்கொண்டுவிட்டன என்று இதைப் படிக்கலாம். கண்காணிப்பவர் ஓய்வெடுப்பது அவருக்கு வேலை இல்லாமல் போனதால்தான்.

2024-ல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. ஜான் கூனியோஸ், டேவிட் ரோசன் ஆகியோரின் குழு 32 ஜாஸ் கிடார் கலைஞர்களின் தலையில் மின்முனைகள் பொருத்தி, ஆறு பாடல்களுக்கு வாசிக்கச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தன்னை மறந்து வாசித்தோம் என்று அவர்களே மதிப்பெண் போட்டார்கள். அனுபவசாலிகள் அந்தத் தன்னை மறந்த நிலையை அதிகமாக அடைந்தார்கள். அப்போது அவர்களின் நெற்றிப் பகுதியின் மேல்பக்கம் அடங்கியிருந்தது. அனுபவம் குறைந்தவர்களிடம் இந்த மாற்றம் ஏறக்குறைய தென்படவே இல்லை. ஆக, முதலில் பழக்கம், அப்புறம்தான் தளர்வு. வரிசை மாறினால் வெறும் மௌனம்தான் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது அதுதான்.

சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று வருடக்கணக்கில் ஏற்றிவிட்டுக் கடைசியில்தான் கற்பனை ஸ்வரத்தைத் தொட விடும் நம் பாடமுறையை நான் சின்ன வயதில் வெறுத்திருக்கிறேன். இன்று அந்த வரிசையை வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

சரி, இசையை விட்டு வெளியே வருவோம். கதை யோசிப்பவர், கட்டடம் வரைபவர், உடைந்த மிக்ஸியைக் கையில் கிடைத்ததை வைத்துச் சரிசெய்பவர் எல்லோருமே கற்பனை செய்கிறவர்கள்தான். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக மூளையில் ஏதாவது உண்டா?

இதற்கான பதில், வேறு எதையோ தேடிய ஆய்விலிருந்து தொடங்கியது. மூளை நம் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. விசித்திரம் என்னவென்றால், கஷ்டமான கணக்கு ஒன்றைப் போடும்போது அந்தச் செலவு கூடுவது மிகக் கொஞ்சம். அதாவது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூளை முழுமூச்சாக ஏதோ செய்துகொண்டிருக்கிறது. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரெய்க்கலும் உடனிருந்தவர்களும், ஒரு வேலையும் கொடுக்காதபோது சுறுசுறுப்பாகி, வேலை கொடுத்ததும் அடங்கும் பகுதிகள் சில இருப்பதைக் கவனித்து, 2001-ல் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். டீஃபால்ட் மோட் நெட்வொர்க் என்பது இன்றைக்கு அதன் புழக்கப் பெயர். தமிழில் சும்மாநிலை வலை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே வெறித்துக்கொண்டிருக்கும்போது நேற்றைய சண்டை, அடுத்த மாதக் கல்யாணம், செத்துப்போன தாத்தா என்று மனசு எங்கெங்கோ போய் வருமே, அப்போது ஓடுவது இந்த வலை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் கட்டுப்பாட்டு வலை. கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்தி, தேவையற்றதைத் தள்ளி, வேலையை முடிக்க வைப்பது அது. சாதாரணமாக ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு. உள்ளேயும் வெளியேயும் வருவதில் எது முக்கியம் என்று முகர்ந்து பார்த்து, கவனத்தை அங்கே திருப்பிவிடும் வலை.

கற்பனைத் திறனை ஆய்வகத்தில் அளக்கப் பல வருடமாகப் பயன்படும் ஒரு சோதனை இருக்கிறது. ஜே. பி. கில்ஃபோர்ட் என்ற உளவியலாளர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. ஒரு செங்கல்லைக் கொடுத்து, கட்டடம் கட்டுவதைத் தவிர இதை வைத்து வேறு என்னவெல்லாம் செய்யலாம் என்று கேட்பார்கள். கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கலாம் என்பது பலரும் சொல்லும் பதில். பொடித்துக் கோலத்துக்குக் காவி தீட்டலாம் என்றால் கொஞ்சம் தூரம் போயிருக்கிறீர்கள். ரோஜர் பீட்டியும் சக ஆய்வாளர்களும் இந்த மாதிரிக் கேள்விகளை ஸ்கேனருக்குள் 163 பேரிடம் கேட்டு 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். யாருடைய பதில்கள் தனித்துவமாக இருந்தனவோ, அவர்களிடம் மேலே சொன்ன மூன்று வலைகளும் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பேசிக்கொண்டிருந்தன. வழக்கமாக ஒன்று வந்தால் மற்றது போகும் சும்மாநிலை வலையும் கட்டுப்பாட்டு வலையும் இவர்களிடம் சேர்ந்து வேலை செய்தன. அந்தத் தொடர்பு அமைப்பை மட்டும் வைத்து, முன்பின் பார்க்காத வேறு ஆட்களின் மதிப்பெண்ணையும் ஓரளவு கணிக்க முடிந்தது.

இந்த முடிவு பியானோ ஆய்வோடு மோதுகிறதே என்று கேட்பீர்கள். அங்கே கட்டுப்பாடு இறங்கியது. இங்கே அதுவும் கூட்டாளியாக இருக்கிறது. எனக்கும் இது பல நாள் உறுத்திய முரண்தான். பின்யோவின் குழுவே பின்னால் செய்த ஒரு சோதனை இதை அவிழ்த்துக் காட்டியது. அதே கலைஞர்களிடம் ஒரு தடவை "இந்த இந்தச் சுரங்களை மட்டும் வைத்து வாசி" என்றார்கள். இன்னொரு தடவை "சந்தோஷமாக வாசி", "பயம் தெரிய வாசி" என்றார்கள். சுரத்தில் கட்டுப்பாடு வைத்தபோது நெற்றியோரப் பகுதி ஏறியது. உணர்ச்சியைக் கொடுத்தபோது அது இறங்கி, சும்மாநிலை வலையோடு இணைந்தது. படைப்பு வேலை என்பது ஒரே வேலை இல்லை. எந்த வேலி போட்டுக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மூளை வேறு வழியில் போகிறது. செங்கல் கேள்வியில் வருகிற முதல் பதிலைத் தள்ளினால்தான் அபூர்வமான பதில் கிடைக்கும். தள்ளுவதற்குக் கட்டுப்பாடு வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் மூளையில் வரும் மாற்றமும் கற்பனையும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்ற அளவில்தான் நிற்கும். ஒன்று மற்றதற்குக் காரணமா? இதை நேரடியாகச் சோதிக்க, மூளைக்குள் கை வைக்க வேண்டும். வலிப்பு நோய்க்கான சிகிச்சைக்காகச் சிலருக்கு மூளைக்குள் மின்முனைகள் வைத்துச் சில நாட்கள் கண்காணிப்பார்கள். அப்படிப்பட்ட நோயாளிகளின் ஒத்துழைப்போடு எலியோனோரா பார்ட்டோலி, பென் ஷோஃப்டி ஆகியோரின் குழு செய்த ஆய்வு 2024-ல் வெளியானது. சும்மாநிலை வலையின் பகுதிகளில் மின்தூண்டல் கொடுத்து அதன் இயல்பான ஓட்டத்தைக் கலைத்தபோது, பொருள்களுக்குச் சொன்ன புதுப் பயன்களின் தனித்துவம் குறைந்தது. மனசு அலைவது மட்டும் அப்படியே இருந்தது. பகல் கனவும் கற்பனையும் ஒரே வலையில் ஓடினாலும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நேரான சான்றை நான் பார்த்ததில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கற்பனைக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது?

மூளையின் இரு பக்கமும், காதுக்கு நேர் உட்புறமாக, ஹிப்போகாம்பஸ் என்ற வளைந்த உறுப்பு இருக்கிறது. புது நினைவுகளைப் பதிய வைக்க அது அவசியம். அது கெட்டுப்போனவர்களுக்குக் காலையில் சாப்பிட்டது மதியம் நினைவிருக்காது. 2007-ல் டெமிஸ் ஹசாபிஸ் (பின்னால் செயற்கை நுண்ணறிவு வேலைக்காக 2024-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்) லண்டனில் ஆய்வாளராக இருந்தபோது, இப்படிப்பட்ட நோயாளிகளிடம் நினைவைப் பற்றிக் கேட்காமல் கற்பனையைப் பற்றிக் கேட்டார். வெப்பமண்டலக் கடற்கரை ஒன்றில் வெள்ளை மணலில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து சொல்லுங்கள் என்பது போன்ற கேள்விகள். பெரும்பாலானவர்களால் முடியவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுகள் வந்தன. ஒரு முழுக் காட்சியாக அவை சேரவில்லை. 2013-ல் மெலிசா டஃப் குழு இதே மாதிரி ஹிப்போகாம்பஸ் பாதிப்பு உள்ளவர்களுக்குப் படைப்புத்திறன் சோதனை வைத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிட வெகுவாகப் பின்தங்கினார்கள்.

இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். நினைவு என்பது நடந்ததைக் காப்பாற்றும் பெட்டி என்றும், கற்பனை என்பது நடக்காததை உருவாக்கும் சக்தி என்றும் இரண்டையும் எதிரெதிராக வைத்துத்தான் நாம் பேசுகிறோம். மூளை அப்படிப் பிரிக்கவில்லை. பழைய அனுபவத்தின் துண்டுகளை எடுத்து, கோர்த்து, முன்பு இல்லாத ஒன்றாக அடுக்குவதற்கும் அதே உறுப்புதான் உழைக்கிறது. வான்கூவரில் ஓவிய, வடிவமைப்பு மாணவர்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, புத்தக அட்டை வரையச் சொன்ன ஒரு ஆய்வு 2012-ல் வந்தது. யோசனை பிறக்கும் கட்டத்தில் ஹிப்போகாம்பஸும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் முன்னே நின்றன. வரைந்ததை மதிப்பிடும் கட்டத்தில் கட்டுப்பாட்டு வலையும் சும்மாநிலை வலையும் சேர்ந்து இயங்கின.

நம் ஊரில் மனப்பாடம் என்ற வார்த்தை இன்றைக்கு ஒரு வசவு. புரியாமல் ஒப்பிப்பதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் பாட்டு, செய்யுள், வாய்ப்பாடு, ஊர்க் கதை என்று குழந்தை நினைவில் சேர்த்துவைப்பது எதுவும் கற்பனைக்கு எதிரி அல்ல. எடுத்துக் கோர்க்க ஏதாவது இருந்தால்தானே கோர்க்க முடியும்.

சட்டென்று பொறி தட்டும் அந்தக் கணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று சொற்கள் தருகிறேன்: கண், குடி, கழிவு. மூன்றோடும் சேரும் ஒரு சொல் எது? சிலர் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். சிலருக்கு எந்த முயற்சியும் தெரியாமல் "நீர்" என்று தானாக வந்து விழும். மார்க் பீமனும் ஜான் கூனியோஸும் சக ஆய்வாளர்களும் ஆங்கிலத்தில் இந்த மாதிரிப் புதிர்களைக் கொடுத்து, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து 2004-ல் வெளியிட்டார்கள். தானாக வந்து விழுந்த விடைகளில், விடை கிடைத்ததாகப் பொத்தானை அழுத்துவதற்கு ஏறக்குறைய 0.3 வினாடி முன்பு, வலது காதுக்குச் சற்று மேலே வேகமான மின் அலை ஒரு வெடிப்பாக எழுந்தது. தூரத்து உறவுள்ள அர்த்தங்களை இணைப்பதில் பங்குள்ள பகுதி அது.

அதைவிட என்னைக் கவர்ந்தது அதற்கு முந்தைய நொடி. வெடிப்புக்குச் சற்று முன்பு, பார்வையைக் கையாளும் பின்மண்டைப் பகுதியில் ஆல்ஃபா அலை கூடியது. ஜெர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1929-ல் மனித மூளையின் மின் அலைகளைப் பற்றி முதன்முதலில் எழுதியபோதே விவரித்த அலை இது. வினாடிக்குப் பத்து தடவை வாக்கில் எழுந்து விழும். கண்ணை மூடினால் பின்மண்டையில் கூடும். வெளியிலிருந்து வரும் காட்சிக்கு மூளை தற்காலிகமாகத் திரை போடுகிறது என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள். கண் திறந்திருந்தாலும் உள்ளே கதவு சாத்தப்படுகிறது. பெரிய பாடகர்கள் ஆலாபனையில் கண்ணை மூடிக்கொள்வதையும், யாராவது கஷ்டமான கேள்வி கேட்டால் நாம் கூரையைப் பார்ப்பதையும் இதோடு சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தூக்கத்துக்கும் பங்கு உண்டு. பாரிஸில் டெல்ஃபின் ஊடியெட்டின் குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 103 பேருக்கு எண் கணக்குகள் கொடுத்தார்கள். அந்தக் கணக்குகளில் ஒரு குறுக்குவழி ஒளிந்திருந்தது, அதைச் சொல்லவில்லை. நடுவே 20 நிமிடம் இருட்டறையில் சாய்வு நாற்காலியில் ஓய்வு. கையில் ஒரு பொருள், கண் அசந்தால் கீழே விழுந்து எழுப்பிவிடும். தாமஸ் எடிசன் கையில் உலோக உருண்டை வைத்துக்கொண்டு கண்ணயர்வார் என்று சொல்லப்படும் கதையைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். தூக்கத்தின் முதல் வாசற்படியில் வெறும் 15 வினாடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். அதைத் தாண்டி ஆழ்ந்து தூங்கியவர்களில் 14 சதவீதம்தான். இங்கேயும் ஒரு நிபந்தனையை மறக்கக் கூடாது. எல்லோரும் முதலில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள். போடாத கணக்குக்குக் குட்டித் தூக்கத்தில் விடை வராது.

"வலது மூளைதான் கற்பனை, இடது மூளை கணக்கு" என்ற பேச்சைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. இதன் வேர் உண்மையான ஆய்வில்தான் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ரோஜர் ஸ்பெர்ரி, வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் வெட்டப்பட்டவர்களை ஆராய்ந்து, இரு பாதிகளுக்கும் வெவ்வேறு திறமைகள் இருப்பதைக் காட்டினார். 1981-ல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் பாலம் வெட்டப்படாத நம் மூளையில் இரண்டும் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன. யூட்டா பல்கலைக்கழகத்தில் 1,011 பேரின் மூளைப் பதிவுகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டவர்கள், மொத்தமாக வலப்பக்க ஆள், இடப்பக்க ஆள் என்று யாரையும் பிரிக்க முடியவில்லை என்றார்கள். மேலே சொன்ன ஆய்வுகளிலும் பாருங்கள். ராப் பாடும்போது இடப்பக்க மொழிப் பகுதிகள். பொறி தட்டும்போது வலப்பக்கம். வலைகளோ இரண்டு பக்கமும் பரந்தவை.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் குழந்தைகளுக்கு "மிட்பிரெயின் ஆக்டிவேஷன்" என்று ஒரு வகுப்பு நடத்தினார்கள். இரண்டு நாள் பயிற்சியில் நடுமூளை விழித்து, வலது மூளையும் இடது மூளையும் இணைந்து, படைப்பாற்றல் பொங்கும் என்று நோட்டீஸ். கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொல்லவும் பழக்குவார்களாம். என் தோழி பல ஆயிரம் ரூபாய் கட்டி மகளை அனுப்பினாள். நடுமூளை என்பது கண் அசைவு, சத்தம் கேட்டுத் திரும்புவது, விழிப்புநிலை போன்ற வேலைகளைப் பார்க்கும் சிறு பகுதி. அது பிறந்ததிலிருந்தே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. யாரும் வந்து எழுப்ப வேண்டியதில்லை. அந்தக் குழந்தை கட்டுத்துணியின் கீழ் இடுக்கு வழியாகப் பார்த்ததை வெளியே சொல்லப் பயந்து, அம்மாவிடம் பொய் சொன்ன குற்ற உணர்ச்சியோடு பல மாதம் இருந்தாள். பணம் போனதைவிட எனக்கு வலித்தது அதுதான்.

அறிவியல் பக்கமும் அடக்கத்தோடு பேச வேண்டிய விஷயங்கள் உண்டு. ஸ்கேன் படத்தில் சிவப்பாகத் தெரிவது எண்ணம் அல்ல, ரத்த ஓட்டம். ஓர் இடத்து நரம்பணுக்கள் கூடுதலாக உழைத்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் பாயும், அதனால் காந்தப் பண்பு மாறும் என்ற அடிப்படையை 1990-ல் செய்ஜி ஒகாவா காட்டினார். அந்த ரத்த ஓட்டம் உச்சத்தை எட்டவே நாலைந்து வினாடி ஆகும். பாடகர் ஒரு ஸ்வரக் கோர்வையைக் கோர்த்து முடிக்கிற நேரம் அது. மின் அலைப் பதிவு ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியைக்கூடப் பிடிக்கும், ஆனால் எந்த இடத்திலிருந்து என்பதில் தெளிவு குறைவு. நீல நிறத்தில் "இறங்கியது" என்று காட்டும் பகுதியும் அணைந்துபோனதாக அர்த்தமில்லை. ஒப்பிட்ட வேலையைவிடக் குறைவு, அவ்வளவுதான். ஆறு பேர், 12 பேர் என்ற எண்ணிக்கையும் சிறியது. இதெல்லாம் போக, செங்கல்லுக்குப் பத்துப் பயன் சொல்வதும் மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதுவதும் ஒரே அளவுகோலில் நிற்குமா என்ற பெரிய சந்தேகம் எனக்கு உண்டு. நாவலாசிரியரை மூன்று வருடம் ஸ்கேனரில் படுக்க வைக்க முடியாது.

அந்த வகையில் நீண்ட படைப்பு வேலைக்குக் கொஞ்சமாவது நெருங்கி வந்தது, ப்ரானின் குழு 2015-ல் வெளியிட்ட கவிதை ஆய்வு. தேர்ந்த கவிஞர்களும் புதிதாக எழுதுகிறவர்களும் ஸ்கேனருக்குள் படுத்தபடி, முதலில் ஒரு கவிதையை உருவாக்கினார்கள். பிறகு அதே கவிதையைத் திருத்தினார்கள். நெற்றியின் நடுப்பகுதி இரண்டு கட்டத்திலும் விடாமல் இயங்கியது. உருவாக்கும் கட்டத்தில் நெற்றியோரக் கட்டுப்பாட்டுப் பகுதி தளர்ந்தது. தேர்ந்த கவிஞர்களிடம் அந்தத் தளர்வு புதியவர்களைவிட ஆழமாக இருந்தது. திருத்தத் தொடங்கியதும், விலகி நின்ற அதே பகுதி மறுபடி வேலைக்கு வந்தது.